பதினொன்றரை மணிக்குத் திரும்புவோம்

பொங்கல் கழிந்து வரும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவின் காலைநடைக் குழுவைச் சேர்ந்த பதினாறு பேரைச் சேர்வராயன் மலையின் ஒரு முகட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்தது என்று சொல்வதும் முழு உண்மை அல்ல; கார்த்திகையில் ஒரு நாள் அஸ்தம்பட்டியில் தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டு, வடக்கே மேகத்துக்குள் பாதி மறைந்திருந்த மலையைக் காட்டி, "தினமும் இதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம், ஒரு நாளும் இதன் மேல் நடந்ததில்லை" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். அன்றிரவே பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வாரம் முடிவதற்குள் அது பதினாறானது.

சேலத்துக்காரர்களில் ஏற்காட்டுக்குப் போகாதவர்கள் இருக்க முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பேருந்தில் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் நின்று படமெடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நமக்கு வழக்கம். அதனாலேயே இந்த மலை நமக்குத் தெரிந்த மலை என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்தது மலையில் போட்ட சாலை மட்டுமே. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன என்னும் கணக்கு, பேருந்தில் போகிறவருக்குக் காது அடைப்பதோடு முடிந்துவிடும். நடப்பவருக்கோ அதன் ஒவ்வொரு மீட்டரையும் முழங்கால் எண்ணிச் சொல்லும்.

நான் இவ்வளவு முன்னேற்பாட்டில் இறங்கியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்த மலை நடைக்கு நானும் போயிருந்தேன். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். சரியாக எத்தனை பேர் என்பதை அழைத்துப் போனவரும் எண்ணவில்லை. இளைஞர்கள் முன்னால் ஓடினார்கள், நடுவயதுக்காரர்கள் பேசிக்கொண்டே நடுவில் வந்தார்கள், பின்னால் வந்தவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பித் தோட்டத்துக்குள் வழி இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில், கடைசியாக வந்தவர் வேறு பக்கம் போய்விட்டார். அவரைக் காணவில்லை என்பது சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று மிஞ்சியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் கூவிக்கொண்டே தேடியபின், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் திண்ணையில் அமர்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தோம். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால், இறங்கும்போது இருட்டிவிட்டது. இருபது பேருக்கு இரண்டு கைவிளக்குகள்தான் இருந்தன. அன்று ஒருவருக்கும் கால் பிசகாமல் போனதைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

ஆகவே இம்முறை முதல் வேலையாக வனத்துறையை அணுகினேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அந்த அனுமதி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போயிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தடங்கள் கடுமைக்கு ஏற்ப வகை பிரிக்கப்பட்டன. வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்றானது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம், மாநிலம் முழுவதும் 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்து நடக்கும்படி திறந்துவிட்டது. அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களே அதில் வழிகாட்டிகளாக வருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நாங்கள் போகும் தடத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். படித்துவிட்டு யாரேனும் அடுத்த ஞாயிறே இரு சக்கர வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தாமாக ஏறினால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வந்து சேரும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் குழுவுக்குள் சிறு சச்சரவே நடந்தது. மார்ச் மாதத்தில் காப்பி பூத்திருக்கும், மல்லிகை போல மணக்கும், அப்போது போகலாம் என்று ஒரு கட்சி. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபின் மே மாதக் கோடை விழாவுக்குப் போகலாம் என்று இன்னொரு கட்சி. மே மாதத்தில் மலைப்பாதையில் வாகனங்கள் நிற்கும் நிலையை நினைவூட்டியதும் இரண்டாவது கட்சி அடங்கிவிட்டது. முதல் கட்சிக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை முகட்டிலுள்ள புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது, சுடரின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சமவெளியில் பரவுவதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். மேலே நிற்கும் மனிதனால் அதை முந்தி ஓட முடியாது. அந்தப் பருவத்தில் வனத்துறை தடங்களை மூடிவிடுவதற்கு இதுதான் காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவமழை. பிற்பகல் இடியும், பாசி பிடித்த பாறையும், அட்டையும் உண்டு. ஆக, மழை ஓய்ந்து புல்லில் இன்னும் ஈரம் மிச்சமிருக்கும் ஜனவரிதான் எங்களுக்கு வாய்த்தது. பழுத்த காப்பிப் பழங்களைப் பறிக்கும் காலமும் அதுவே என்பதால் தோட்டத்து வழிகளில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பது கூடுதல் ஆறுதல்.

வழிகாட்டியாக வரப்போகிறவர் மலைமேல் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். வெளியூர் நண்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்குரிய மக்கள் தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்றும் அவர்களுடைய மரபு சொல்கிறது. எங்கள் வழிகாட்டி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்று அழைக்கிறேன், அவர் என்னை சார் என்பதை விடுவதாக இல்லை. தடத்தை முன்கூட்டி ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மார்கழி முதல் வாரத்தில் அவரோடு நான் மட்டும் ஏறி இறங்கினேன். அந்த ஒரு நாள் இல்லாதிருந்தால் என்னுடைய திட்டம் முழுவதும் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

நான் கையில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு, 20 மீட்டருக்கு ஒன்றாக வரைந்திருக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கி வரும் இடமெல்லாம் செங்குத்து என்று குறித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எங்க நிக்கும்னு போட்டிருக்கா சார்?" என்று கேட்டார். போடவில்லை. காலை பத்து மணிக்குமேல் எந்தப் பக்கத்தில் நிழல் விழும், எந்தப் பாறையில் பதினாறு பேர் ஒன்றாக உட்கார முடியும், எந்த மரத்தில் தேன் கட்டியிருக்கிறது, எந்த ஓடையோரத்துக்குக் காட்டெருமை தண்ணீருக்கு வரும் என்பதையும் வரைபடம் போடவில்லை. அன்றைய நடையில் நான் எழுதிய குறிப்பேட்டில் பாதிக்குமேல் அவருடைய வாய்ச்சொல்தான்.

எங்கள் தடம், போகும் வழி மட்டும் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். ஏற்றம் அறுநூறு மீட்டர். மலை நடைக்கு நேரம் கணிக்க 1892இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி எங்களுக்கு இரண்டேகால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால், அது ஓய்வெடுக்காமல் நடக்கும், உடல் தேறிய ஒருவருக்கான கணக்கு. எங்கள் குழுவில் அறுபது தாண்டியவர்கள் மூவர் இருக்கிறார்கள், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், வாழ்நாளில் பெரும்பகுதியை வங்கி நாற்காலியில் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர் இருக்கிறார். மேலும், பதினாறு பேர் ஒற்றையடிப் பாதையில் போகும்போது, ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் பதினைந்து பேர் நிற்க வேண்டும். ஆகவே அந்த நேரத்தை ஒன்றேமுக்கால் மடங்காக்கினேன். ஓய்வையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு, வெளிச்சம் வந்ததும் நடையைத் தொடங்கினால் பத்தரைக்கு முகட்டில் இருப்போம். ஒரு மணி நேரம் மேலே. பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டும். யார் எங்கே இருந்தாலும், முகட்டுக்கு இருநூறு அடி மட்டுமே மிச்சமிருந்தாலும், பதினொன்றரை என்றால் பதினொன்றரை. இறங்க மூன்று மணி நேரம் என்றால் இரண்டரைக்கு அடிவாரம். ஆறு மணி கழிந்ததும் இருட்டிவிடும் என்பதால் கையில் மூன்றரை மணி நேரம் மிச்சமிருக்கிறது. இவ்வளவு எதற்கு என்று வங்கிக்காரர் கேட்டார். ஒருவருக்குக் கணுக்கால் பிசகி, மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நால்வர் மாறி மாறிச் சுமந்து வர நேர்ந்தால் இந்த நேரம் போதுமா என்பதே சந்தேகம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மலையில் வழி தவறியவர்கள் எல்லாருமே இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தவர்கள்தாம் என்பது என் துணிபு. அந்த நினைப்பு வரும் இடத்தில் களைப்பும் ஆசையும் சேர்ந்து முடிவெடுக்கும், ஆகவே முடிவை வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, நிதானமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

வரிசையைப் பற்றியும் நான் ஒன்று நினைத்திருந்தேன், வழிகாட்டி வேறொன்று சொன்னார். மெதுவாக நடப்பவர்களைக் கடைசியில் விட்டு, அவர்களோடு நான் வருவதாகத் திட்டம். "அப்படி வேணாம் சார். யாரு ரொம்ப மெதுவா நடப்பாங்களோ அவங்க என் முதுகுக்குப் பின்னாடியே வரட்டும். அவங்க மூச்சுச் சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில்தான் முழு விவேகமும் இருக்கிறது. மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால், முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வந்து சேர்வார். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. அவர் முன்னால் நடந்தால் குழுவின் வேகம் அவர் வேகமாகிவிடும், வரிசை அறுந்துபோகாது. வேகமாக நடக்கும் கல்லூரி மாணவிகள் இருவரையும் கடைசிக்கு முன்பாக நிறுத்தி, அவர்களுக்கும் பின்னால் கடைசி ஆளாக இரண்டாவது வழிகாட்டி வருவார். அவரைக் கடந்து பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இயற்கை உபாதைக்காக ஒதுங்குபவர் பையை வழியோரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பையைக் கண்டதும் கடைசி ஆள் அங்கேயே நின்றுவிடுவார். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை. பையனிடம் எண்ணும் வேலையை ஒப்படைத்திருக்கிறேன். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவன் ஓடமாட்டான் என்பது அவன் அம்மா சொன்ன யோசனை.

ஒத்திகைக்கு அம்மாப்பேட்டைக் குமரகிரி போதுமானதாக இருந்தது. இரண்டு ஞாயிறுகளில் அதன் படிகளை மும்முறை ஏறி இறங்கினோம். முதுகில் அன்று சுமக்கப்போகும் பையோடு. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கியவர்கள் யார், புதுக் காலணி யார் காலைக் கடித்தது, யாருக்கு இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் இருவர் மருத்துவரைப் பார்த்து வந்தார்கள்.

காட்டு விலங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் சிறுத்தையைக் கேட்கிறார்கள். வழிகாட்டியின் கவலையோ வேறு இரண்டைப் பற்றியது. முதலாவது காட்டெருமை. இப்போது ஏற்காட்டின் தோட்டங்களுக்குள்ளேயே அவை தாராளமாக மேய்கின்றன; வளர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும். தொலைவிலிருந்து பார்த்தால் கட்டிப்போட்ட மாடுபோல் சாதுவாக நிற்பதால், கைப்பேசியோடு கிட்டப் போகத் தோன்றும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போய்விட்டாலோ, வழியை அடைத்து நின்றாலோ அது பாயும். கண்டதும் நின்று, சத்தமின்றிப் பின்வாங்கி, அது தானாக விலகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் அட்டவணையில் அரை மணி ஒதுக்கியிருக்கிறேன். இரண்டாவது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றை அடையாகக் கட்டும் பெரிய தேனீ அது. ஒன்று கொட்டினால், அது விட்டுப்போன மணம் மற்றவற்றையும் அழைத்துவிடும். ஆகவே அன்று வாசனைத் திரவியம், மணமுள்ள எண்ணெய், புகை எதுவும் கூடாது. மல்லிகைப் பூவும் வேண்டாம் என்றதற்கு என் அத்தை மட்டும் முகத்தைச் சுளித்தார். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கீறி இரத்தம் எடுப்பதோ கூடாது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி என்பதைக் கூட்டத்தில் இருமுறை சொன்னேன். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். 108ஐ அழைத்தாலும் வண்டி சாலைவரைதான் வரும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, கடலை மிட்டாய், ஆரஞ்சு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். அதாவது மூன்று கிலோ சுமை, ஆனாலும் குறைக்க மாட்டேன். சேலத்தைவிட மேலே எட்டு டிகிரி அளவுக்குக் குளிர் அதிகமாக இருக்கும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை. ஞெகிழிப் பைகள் கிடையாது.

முகட்டில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு உள்ளூர ஆசை அதிகம். வழிகாட்டியோடு நான் தடம் பார்க்கப் போன அன்று பனி விலகியதும் தெற்கே நகரம் முழுவதும் தெரிந்தது. அதன் விளிம்பில் வெள்ளைக்கல் வெட்டிய சுரங்கக் குவியல்கள் சுண்ணாம்பு கொட்டியதுபோல் வெயிலில் மின்னின. தென்மேற்கில் கஞ்சமலை, அப்பால் தெற்கே ஜருகுமலை. நாம் நாள்தோறும் கடந்துபோகும் அம்மலைகள் கரடுகளாகச் சிறுத்துக் கிடந்தன. எங்கள் தெருவைத் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

நேற்று மாலை கடைசிக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. பெயர், வயது, இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் எழுதிய தாளின் அடியில், திரும்பும் நேரம் பதினொன்றரை, அதை மாற்றும் உரிமை வழிகாட்டிக்கு மட்டும், அவரும் முன்னதாகத் திருப்பலாமே தவிரப் பின்னதாக அல்ல என்று எழுதியிருந்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "உச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான், மணி பதினொன்றரை, ஆசைப்பட்டு முதலில் கெஞ்சப்போவது யார் தெரியுமா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வங்கிக்காரர் பேனாவைத் திறந்து, தம் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடாமல், தாளை என் பக்கம் நகர்த்தினார். முதல் கையெழுத்தை நான்தான் போட்டேன்.